வயலுக்கும் வரப்பு மரத்துக்கும் ஒரே கணக்கு: வெப்பமண்டல நெல் நிலத்தில் மண்வளம் காக்க முழு வழிகாட்டி

வரப்பு மரமான கிளைரிசிடியாவின் பச்சைத் தழையை ஒரு டன் வயலில் போட்டு மிதித்தால் நிலத்துக்கு எவ்வளவு சத்து சேரும்? தழையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். காய்ந்தால் 220 கிலோ அளவில் நிற்கும். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 3 முதல் 4 சதவீதம், அதாவது சுமார் 7 கிலோ. சாம்பல்சத்து (பொட்டாசியம்) 5 கிலோ வரும். மணிச்சத்து (பாஸ்பரஸ்)? ஒரே ஒரு கிலோ.

ஏக்கருக்கு 2 டன் நெல் தரும் பயிர் மணியும் வைக்கோலுமாகச் சேர்த்து 12 கிலோ மணிச்சத்தை மண்ணிலிருந்து எடுக்கிறது. அதைத் தழையாலேயே ஈடுகட்ட வேண்டுமென்றால் 12 டன் தழை வேண்டும். "மரம் வைத்துவிட்டேன், இனி உரமே வேண்டாம்" என்பவரும், "தழையெல்லாம் எதற்கு, மூட்டையைப் பிரித்துக் கொட்டினால் போதாதா" என்பவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காதவர்கள். பயறு வகை மரம் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தரும். மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் அது உண்டாக்குவதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறது. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வேறுபாட்டைச் சுற்றித்தான் போகும்.

(மணிச்சத்து, சாம்பல்சத்து எண்களையெல்லாம் உர மூட்டையில் அச்சிடும் அதே ஆக்சைடு கணக்கில்தான் கொடுத்திருக்கிறேன். ஆய்வுக்கூட அறிக்கையில் வேறு கணக்கு இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.)

படி 1: தண்ணீருக்கு அடியில் நடப்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

வயலில் தண்ணீர் கட்டிய ஓரிரு நாளில் மண்ணுக்குள் இருக்கும் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்புறம் நுண்ணுயிர்கள் மூச்சுக்கு வேறு பொருளைத் தேடும். முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, பிறகு இரும்பு, சல்பேட், கடைசியாகக் கரியமில வாயு. இந்த வரிசை மனதில் இருந்தால் நெல் வயலின் பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

நைட்ரேட் முதலில் போகிறது. அது வாயுவாக மாறிக் காற்றில் கலந்துவிடும். சேற்று நெல்லுக்கு நைட்ரேட் வகை உரத்தை அடியுரமாகப் போடாததற்குக் காரணம் இதுதான். இரும்பு கரையும்போது நல்லது ஒன்று நடக்கிறது: இரும்பு இறுக்கிப் பிடித்திருந்த மணிச்சத்து விடுபடுகிறது. மக்காச்சோளம் மணிச்சத்து இல்லாமல் ஊதா நிறமாகிப்போகும் அதே செம்மண்ணில், தண்ணீர் கட்டினால் நெல் தாக்குப்பிடிப்பது இதனால்தான். கார அமில நிலையும் (pH) நகரும். அமில மண் ஏறி, கார மண் இறங்கி, இரண்டும் சில வாரங்களில் நடுநிலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். துத்தநாகம் மட்டும் எதிர்ப்பக்கம் போகிறது. தண்ணீர் நிற்க நிற்க அது பயிருக்குக் கிடைப்பது குறைகிறது.

நட்டு மூன்று வாரமான வயலில் கையை விட்டு ஒரு கட்டி மண்ணை எடுத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, அதற்குக் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறம். ஒரு குத்தைப் பிடுங்கி அலசினால் வேரின் மேல் துருப்பூச்சு இருக்கும். நெல் தன் தண்டு வழியாகக் காற்றை வேருக்கு இறக்குகிறது. அந்தக் காற்று பட்ட இரும்பு துருவாகப் படிகிறது. துரு நிற வேர் நல்ல வேர். வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை அடித்தால் மண் அளவுக்கு மீறி மூச்சடைத்துக் கிடக்கிறது என்று பொருள். அங்கே உரம் போட்டுப் பயனில்லை, முதலில் தண்ணீரை வடியுங்கள்.

தண்ணீர் நிற்கும் நிலத்துக்குத் தனக்கென ஒரு வருமானமும் உண்டு. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1960-களிலிருந்து விடாமல் நெல் பயிரிடும் சோதனை வயல் இருக்கிறது. அங்கே தழைச்சத்து உரமே காணாத பாத்திகளிலும் இத்தனை பத்தாண்டுகளாக நெல் விளைந்துகொண்டே வருகிறது. நீலப்பச்சைப் பாசியும் வேரைச் சுற்றி வாழும் பாக்டீரியாவும் போகத்துக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ அளவில் தழைச்சத்தைக் காற்றிலிருந்து சேர்க்கின்றன. இது எல்லா வயலிலும் சமமாகக் கிடைக்காது, மணிச்சத்தும் வெயிலும் இருக்கும் இடத்தில்தான் பாசி வேலை செய்யும்.

வரப்பிலும் மேட்டிலும் கதை வேறு. அங்கே காற்றோட்டம் உண்டு. தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி மழையோடு கீழே இறங்கும். ஆழ வேர் விட்ட மரம் அதைக் கீழேயே மறித்து, இலையாக மேலே கொண்டுவரும். ஒரே தோட்டத்தில் இரண்டு வகை மண் இயல்பு இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: மண் மாதிரியை வயலுக்கு ஒன்றும் மரத்தடிக்கு ஒன்றுமாக எடுங்கள்

அறுவடை முடிந்து, உரம் போடுவதற்கு முன், மண் புட்டு மாதிரி உதிரும் ஈரத்தில் இருக்கும்போது எடுப்பது நல்லது. வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 15 இடங்களில் 'வி' வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுங்கள். வரப்போரம், எருக்குவியல் கிடந்த இடம், மடைவாய் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பங்கிட்டு எதிரெதிர் பங்குகளைக் கழித்துக்கொண்டே வந்து, அரை கிலோவில் நிறுத்தி நிழலில் உலர்த்துங்கள்.

மரத்தடியில் இதே முறைதான், ஆனால் தனிப் பை. கூடவே 15 முதல் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இன்னொரு மாதிரி. மரத்தடி மண்ணை வயல் மண்ணோடு கலந்துவிட்டால் வரும் அறிக்கை எந்த இடத்துக்கும் பொருந்தாது. மரத்தடி வளமாக இருப்பதைப் பார்த்து உடனே மகிழ்ந்துவிடவும் வேண்டாம். அதில் ஒரு பகுதி ஆழத்திலிருந்து வந்தது, இன்னொரு பகுதி பக்கத்து வயலில் இருந்து பக்கவேர் இழுத்துக்கொண்டது.

அறிக்கையில் மணிச்சத்து எண்ணைப் பார்க்கும்போது எந்த முறையில் அளந்தார்கள் என்று கேளுங்கள். கார மண்ணுக்கு ஓல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறை. மாற்றி அளந்தால் எண் நம்மை ஏமாற்றும். தழைச்சத்து எண்ணை நான் பெரிதாக நம்புவதில்லை. தண்ணீர் கட்டிய பிறகு மண் எவ்வளவு தழைச்சத்து தரும் என்பதை உலர்ந்த மண்ணின் சோதனை சரியாகச் சொல்வதில்லை. அதற்கு அடுத்த படி.

படி 3: ஒரு சிறு பாத்தியைத் தழைச்சத்தே இல்லாமல் விட்டுப் பாருங்கள்

வயலின் நடுப்பகுதியில் ஐந்துக்கு ஐந்து மீட்டரில் ஒரு பாத்தி, அதைச் சுற்றி ஒரு சிறு வரப்பு. மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் எல்லாம் மற்ற வயலைப் போலவே. யூரியாவும் பசுந்தழையும் மட்டும் அதற்குள் போகக்கூடாது. பக்கத்து வயல் தண்ணீர் அதற்குள் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அறுவடையில் அதைத் தனியாக அடித்து, உலர்த்தி, எடை போடுங்கள்.

அந்தப் பாத்தி ஏக்கர் கணக்கில் 1.2 டன் தந்தது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எதிர்பார்ப்பது 2 டன். இடைவெளி 800 கிலோ நெல். நன்றாகப் பராமரித்த வயலில் ஒரு கிலோ உரத் தழைச்சத்து ஏறக்குறைய 20 கிலோ கூடுதல் நெல் தரும். 800-ஐ 20-ஆல் வகுத்தால் 40 கிலோ தழைச்சத்து. இந்த நிலத்தின் தேவை அதுதான். பக்கத்து வயல்காரரின் பாத்தி 1.6 டன் தந்திருந்தால் அவருக்கு 20 கிலோ போதும். இருவருக்கும் ஒரே பரிந்துரை எப்படிப் பொருந்தும்?

படி 4: எந்தத் தழை, எதற்கு?

எல்லாப் பச்சையும் உரமாகாது. தழைச்சத்து காய்ந்த எடையில் 2.5 சதவீதத்துக்கு மேல், லிக்னின் (மரத்தன்மை தரும் நார்ப்பொருள்) 15 சதவீதத்துக்குக் கீழ், பாலிபீனால் (துவர்ப்புப் பொருள்) 4 சதவீதத்துக்குக் கீழ் இருக்கும் தழைதான் மண்ணில் விழுந்ததும் சத்தை விடும். வெப்பமண்டல மண் ஆய்வாளர்கள் பல வகைத் தழைகளைச் சோதித்து வகுத்த எல்லைகள் இவை. தழைச்சத்து குறைந்த தழை, மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் நுண்ணுயிர் வழியாகப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

ஆய்வுக்கூடம் இல்லாமலேயே இதை ஓரளவு கண்டுபிடிக்கலாம். முதலில் நிறம்: இலை கரும்பச்சையா, வெளிறியதா? அடுத்து, காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள். பொடியாக உதிர்ந்தால் லிக்னின் குறைவு. நாராக நின்றால் அதிகம். மூன்றாவது துவர்ப்பு. நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருந்தால் பாலிபீனால் மிகுதி. ஆனால் அகத்தி மாதிரி உண்ணத்தக்கது என்று உறுதியாகத் தெரிந்த இலையை மட்டும்தான் வாயில் வைக்க வேண்டும். எருக்கு, அரளி பக்கமே போக வேண்டாம். கிளைரிசிடியாவும் வாய்க்கு ஆகாது. நிறமும் கசக்கலும் மட்டுமே பெரும்பாலும் போதும்.

கிளைரிசிடியா, அகத்தி, தக்கைப்பூண்டு, சணப்பு, மணிலா அகத்தி ஆகியவை நேரே சேற்றில் மிதிக்கத் தகுந்தவை. கத்திக் கருவேலின் தழை, யூகலிப்டஸ் இலை, சவுக்கு ஊசி ஆகியவை மரத்தடியிலேயே மூடாக்காகக் கிடக்கட்டும். அங்கே அவை ஈரம் காக்கும், களை அடக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதைத் தொழுவுரத்தோடு மக்க வைத்துப் போடலாம்.

மணிலா அகத்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செனகலில் இருந்து உலகுக்கு அறிமுகமான செடி. வேரில் மட்டுமல்ல, தண்டிலும் முடிச்சு விடும், அதனால் தண்ணீர் நிற்கும் வயலிலும் தழைச்சத்தைப் பிடிப்பது நிற்காது. நல்ல வளர்ச்சியில் 45 முதல் 60 நாளில் ஹெக்டேருக்கு 60 முதல் 100 கிலோ தழைச்சத்து சேர்க்கக்கூடியது. குளிர்ச்சியான குறும்பகல் பருவத்தில் விரைவில் பூத்து வளர்ச்சி குன்றிவிடும். அந்தப் பருவத்தில் தக்கைப்பூண்டே மேல்.

முடிச்சு இருந்தாலே வேலை நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒன்றைக் கிள்ளி நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே ரத்தச் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வெறும் முடிச்சு. அப்படி இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மணிச்சத்துப் பற்றாக்குறையை. தழைச்சத்தைப் பிடிக்கும் வேலைக்கே மணிச்சத்து நிறைய வேண்டும். அதனால் நெல்லுக்குப் போட வைத்திருக்கும் மணிச்சத்தைப் பசுந்தாள் விதைக்கும்போதே போட்டுவிடுவது என் வழக்கம். பசுந்தாள் ஓங்கி வளரும், மடக்கி உழும்போது அதே மணிச்சத்து நெல்லுக்கு வந்து சேரும். ஒரே உரம், இரண்டு வேலை.

அசோலா இதற்குள் அடங்காத தனி இனம். இலைக்குள் நீலப்பச்சைப் பாசியைக் குடிவைத்த மிதவைப் பெரணி. நல்ல சூழலில் மூன்று முதல் ஐந்து நாளில் இரட்டிப்பாகும். தழைச்சத்து தருவதோடு, தண்ணீரின் மேல் பாய் விரித்து வெயிலை மறைப்பதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறாமல் தடுக்கிறது. அதனால் யூரியா ஆவியாவதும் குறையும். கடும் கோடையில் கருகிவிடும் என்பது அதன் பலவீனம்.

படி 5: எப்போது மிதிப்பது?

பசுந்தாளைப் பூக்கத் தொடங்கும்போதே மடக்கி உழுங்கள். தண்டு முற்றிவிட்டால் மக்குவது தள்ளிப்போகும். மிதித்த முதல் வாரத்தில் கரிம அமிலங்கள் பெருகி இளம் வேரைத் தாக்கும். அதனால் நடவுக்கு முன் ஏழு முதல் பத்து நாள் இடைவெளி கொடுங்கள். அதற்கு மேல் தள்ளிப்போட்டால் விடுபட்ட தழைச்சத்தை உறிஞ்சப் பயிர் இருக்காது.

வைக்கோலின் கதை வேறு. பசுந்தாளில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு 15 முதல் 20 பங்கு கரி (கார்பன்) என்றால், வைக்கோலில் அது 60-க்கும் மேலே போகும். நான் ஒருமுறை அவசரத்தில் ஈர வைக்கோலை நடவுக்கு நாலு நாள் முன் சேற்றோடு உழுதுவிட்டேன். நட்ட பத்தாம் நாளில் வயல் முழுக்க எலுமிச்சை மஞ்சள். காலை வைத்தால் குமிழி குமிழியாக வாயு கிளம்பியது. பயந்து கூடுதல் யூரியா போட்டேன், அது வேறு செலவு. தண்ணீரை வடித்து நாலு நாள் காயவிட்டபிறகுதான் புது வேர் வெள்ளையாக வந்தது. அன்றிலிருந்து வைக்கோலை அறுவடை முடிந்த கையோடு, நிலத்தில் ஈரம் இருக்கும்போதே மேலோட்டமாக உழுது, காற்றுப்பட மக்க விட்டுவிடுகிறேன். மூன்று வாரம் கழித்துத்தான் தண்ணீர் கட்டுவது. மீத்தேன் வெளியேறுவதும் இதனால் குறைகிறது.

படி 6: யூரியா எங்கே காணாமல் போகிறது

வயலில் போடும் தழைச்சத்தில் பயிருக்குச் சேர்வது பெரும்பாலும் 30 முதல் 40 சதவீதம்தான். மீதி எங்கே? நடுப்பகலில் நிற்கும் தண்ணீரில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சும். தண்ணீரின் கார அமில நிலை 9 வரை ஏறும். யூரியாவில் இருந்து வந்த அம்மோனியா அந்தத் தண்ணீரிலிருந்து ஆவியாகிக் கிளம்பிவிடும். காற்று அடித்தால் இன்னும் வேகம். தப்பித்தது மேல் பழுப்பு அடுக்கில் நைட்ரேட்டாகி, கீழ் அடுக்கில் இறங்கி, வாயுவாகப் போகும்.

ஆகவே தண்ணீரை வடித்துச் சேறாக இருக்கும்போது யூரியாவைத் தூவி, அப்புறம் தண்ணீர் விடுங்கள். தண்ணீர் யூரியாவை மண்ணுக்குள் இறக்கிவிடும். இதைவிடச் சிறந்தது ஆழத்தில் வைப்பது. வங்கதேசத்தில் பரவலாகச் செய்வது போல, நட்டு ஒரு வாரத்துக்குள் நாலு குத்துக்கு நடுவே ஒரு யூரியா வில்லையை 7 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் அழுத்திவிட்டால், அங்கே ஆக்சிஜன் இல்லாததால் அது அம்மோனியமாகவே நின்று வேருக்குக் கிடைக்கும். யூரியாவில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமாகும். முதுகு ஒடியும் வேலை என்பது உண்மைதான். தண்ணீர் விரைவாக உறிஞ்சிப் போகும் மணல் நிலத்துக்கு இது ஒத்துவராது.

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். தேவை 40 கிலோ. 2 டன் கிளைரிசிடியா தழையில் 14 கிலோ இருக்கிறது. அதில் பாதியைத்தான் இந்தப் போகத்துக்கு நம்பலாம், 7 கிலோ என்று வையுங்கள். பாக்கி 33 கிலோ. யூரியாவில் 46 சதவீதம், ஆக 72 கிலோ யூரியா. தழை போட்ட வயலுக்கு அடியுர யூரியா தேவையில்லை, முதல் இரண்டு வாரத்துக்குத் தழையே போதும். 72-ஐ மூன்றாகப் பிரித்து, தூர் கட்டத் தொடங்கும்போது ஒன்று, தூர் நன்றாகப் பெருகும்போது ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று.

கதிர் உருவாகும் நாளைக் காலண்டரைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். அறுவடைக்கு 65 நாள் முன்பிருந்தே தினமும் ஒரு தாய்த்தூரைப் பிடுங்கி, அடித்தண்டை பிளேடால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். கடைசிக் கணுவுக்கு மேலே பஞ்சு நுனி மாதிரி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் வெண்மையாகத் தெரிந்தால் அதுதான் நாள்.

இலை வண்ண அட்டை இருந்தால் நட்ட 14-ஆம் நாளில் இருந்து ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். முழுதாக விரிந்த இளம் இலை, பத்துக் குத்தில் பத்து இலை. காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் நிழல் இலையில் விழும்படி திரும்பி நின்று, ஒரே ஆள் பார்க்க வேண்டும். பத்தில் ஆறு இலை, உங்கள் ரகத்துக்கான அளவைவிட வெளிறி இருந்தால் மட்டும் அடுத்த தவணை. ஆறு நிற அட்டையில் அந்த அளவு பெரும்பாலும் 4, வெளிர் ரகங்களுக்கு 3. துத்தநாகமோ மணிச்சத்தோ குறைந்தாலும் நிறம் மாறும் என்பதால், அவற்றைச் சரிசெய்யாமல் அட்டையை மட்டும் நம்பினால் யூரியா வீண்.

தண்ணீரைக் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சும் முறையைக் கடைப்பிடிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வயலில் புதைத்த துளையிட்ட குழாயில் நீர்மட்டம் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் தண்ணீர் விடுவது நல்ல முறைதான், தண்ணீரில் நல்ல பங்கு மிச்சமாகும். ஆனால் யூரியா போட்ட கையோடு காயவிட்டால் அது நைட்ரேட்டாகி, மறு தண்ணீரில் வாயுவாகப் போய்விடும். உரம் போட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீர் நிற்கட்டும். பூக்கும் காலத்திலும் காயவிடக் கூடாது.

படி 7: மணிச்சத்து, சாம்பல்சத்து, வைக்கோல்

மணிச்சத்தின் பெரும்பங்கு மணியோடு போகிறது. சாம்பல்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வைக்கோலில் இருக்கிறது. இந்த ஒரு வரி போதும், மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்.

ஏக்கருக்கு 2 டன் நெல், வைக்கோல் வயலிலேயே மக்குகிறது என்றால் வெளியேறும் மணிச்சத்து சுமார் 8 கிலோ. அதற்கு 50 கிலோ சூப்பர் பாஸ்பேட் அல்லது 17 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்). சூப்பரில் கந்தகமும் இருப்பதால் எனக்கு அதன் பக்கம்தான் சாய்வு. முழுவதையும் கடைசி உழவில் போட்டுவிடலாம். அமில நிலத்துக்குப் பாறைப் பாஸ்பேட் போதும், கார நிலத்தில் அது கரையாது. சோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே மிகுதி என்று வந்தால், வெளியேறும் அளவில் பாதி போட்டுக் கவனித்துப் பாருங்கள்.

சாம்பல்சத்து, வைக்கோல் வயலில் நின்றால் 7 கிலோதான் வெளியேறும். அதற்கு 12 கிலோ மியூரியேட் ஆஃப் பொட்டாஷ். வைக்கோலை மாட்டுக்கோ விற்பனைக்கோ கொண்டுபோனால் 35 கிலோ வெளியேறும், அதற்கு 58 கிலோ. தழையில் வரும் 10 கிலோவை வரவில் சேர்க்கலாமே என்பீர்கள். நான் சேர்ப்பதில்லை. வரப்பு மரம் அதில் ஒரு பகுதியை இதே வயலில் இருந்துதான் இழுத்திருக்கும். வீட்டுப் பணத்தை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றியதை வருமானம் என்று எழுதுவது போல ஆகிவிடும். தழை வேறு நிலத்தில் இருந்து வந்தால் அது வரவுதான், ஆனால் அந்த நிலத்தின் கணக்கில் செலவு. வைக்கோலை எரித்தால் தழைச்சத்து பெரும்பாலும், கந்தகத்தில் ஒரு பகுதியும், புகையோடு போய்விடும். சாம்பல்சத்து பெரும்பாலும் தங்கும், ஆனால் குவித்து எரித்த இடத்தில் மட்டும்.

படி 8: பயிர் காட்டும் அடையாளங்கள்

நட்டு இரண்டு முதல் நாலு வாரத்தில் கீழ் இலைகளில் துருப்புள்ளிகள், நடுநரம்பு அடியில் வெளிறி, பயிர் திட்டுத்திட்டாகக் குட்டையாக நிற்கிறது என்றால் துத்தநாகப் பற்றாக்குறை. 1960-களில் இந்தியாவின் பந்த்நகரில் ஒய். எல். நேனே இதைக் கண்டறியும்வரை 'கைரா நோய்' என்று ஏதோ கிருமி வேலை போலத்தான் பேசினார்கள். கார அமில நிலை 7-க்கு மேல் உள்ள, எப்போதும் தண்ணீர் நிற்கும் வயலில்தான் இது அதிகம். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள். மணிச்சத்து உரத்தோடு சேர்த்துக் கலக்காதீர்கள்.

துருப்புள்ளி நுனியில் இருந்து தொடங்கி இலை முழுக்க வெண்கல நிறமாகப் பரவினால், அதுவும் அமில மண்ணில் என்றால், அது பற்றாக்குறை இல்லை, இரும்பு நச்சு. மேட்டில் இருந்து ஊற்றெடுத்து இறங்கும் பள்ளத்து வயல்களில் வரும். தண்ணீரை வடித்து ஒரு வாரம் காயவிடுங்கள், சாம்பல்சத்தைக் கூட்டுங்கள், அந்த வயலுக்குப் பச்சைத் தழையை நிறுத்துங்கள். தழை மக்கும்போது இரும்பு இன்னும் கரையும். எங்கும் நல்லதாக இருக்கும் தழை இங்கே கெடுதல்.

படி 9: மரத்தைக் கட்டுக்குள் வையுங்கள்

ஒரு ஏக்கர் சதுர வயலின் சுற்றளவு ஏறக்குறைய 250 மீட்டர். மீட்டருக்கு ஒரு கிளைரிசிடியா நட்டு, வளர்ந்த செடி ஒரு கவாத்துக்கு 8 கிலோ தழை தந்தால் 2 டன். மேலே எழுதிய கணக்குக்கு நான்கு வரப்பும் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். பாதி வரப்பில் மட்டும் நட்டால் தழையும் பாதிதான்.

கவாத்தை நெல்லின் நாளுக்கு ஏற்ப வையுங்கள். நடவுக்குப் பத்து நாள் முன் இடுப்பளவில் வெட்டினால் தழை மிதிக்கக் கிடைக்கும், வயலுக்கும் வெயில் கிடைக்கும். கதிர் உருவாவதற்கு முன் இன்னொரு முறை. அந்தக் காலம் முதல் பூக்கும்வரை விழும் நிழல்தான் மணிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும். அந்த இரண்டாம் தழையை வயலில் போட வேண்டாம், மரத்தடியிலேயே கிடக்கட்டும். மர வரிசை கிழக்கு மேற்காக இருந்தால் நிழல் வரிசையின் அடியிலேயே தங்கும். கோடையில் வரப்பில் இருந்து ஓரடி தள்ளி ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்வெட்டியால் ஒரு கீறல் போட்டுப் பக்கவேரை அறுத்துவிடுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்கச் சாகேலில் வளரும் ஃபைதெர்பியா மரம் மழைக்காலத்தில் இலையை உதிர்த்துக் கோடையில் துளிர்க்கும். பயிருக்கு நிழல் தொல்லையே இல்லை. அந்த ஒழுக்கம் நம் மரங்களுக்கு இல்லாததால் அரிவாள்தான் அதைச் செய்ய வேண்டும். நைஜீரியாவின் இபதானில் சவுண்டல், கிளைரிசிடியா வரிசைகளுக்கு நடுவே பயிர் செய்யும் முறையை வெப்பமண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இருந்து நீண்ட காலம் சோதித்தார்கள். வளமான, மழை போதுமான இடத்தில் அது பலன் தந்தது. அமிலமும் மணிச்சத்துப் பஞ்சமும் உள்ள இடத்தில் மரமே பயிரோடு சத்துக்குச் சண்டை போட்டது. மரத்தை நடுமுன் மண் அறிக்கையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சரிவில் மானாவாரி நெல் போடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. சமமட்ட வேலியாக மரம் வைத்தால் சில ஆண்டுகளில் மேல் மண் வழிந்து ஒவ்வொரு வேலிக்கும் மேற்பக்கத்தில் சேரும். வேலிக்கு நேர் கீழே உள்ள பகுதி சுரண்டப்பட்டு மெலியும். உரத்தைச் சமமாகத் தூவாமல், அந்த மெலிந்த பகுதிக்குக் கூடுதலாகப் போடுங்கள். அங்கே தண்ணீர் நிற்காததால் மணிச்சத்து தானாக விடுபடாது, அலுமினிய நச்சு இருந்தால் சுண்ணாம்பும் தேவைப்படும்.

படி 10: அறுவடை அன்றைக்கு எழுத வேண்டியது

ஒரு நோட்டில் ஆறு வரி போதும். மொத்த விளைச்சல், தழைச்சத்தில்லாப் பாத்தியின் விளைச்சல், மிதித்த தழையின் எடை, போட்ட உரம், வைக்கோல் எங்கே போனது, பயிர் மஞ்சளித்த இடம். தழையைத் தலைச்சுமையாக எண்ணாமல் ஒரு சுமையையாவது தராசில் நிறுத்திப் பாருங்கள். ஆளுக்கு ஆள் சுமை மாறும். மண் சோதனையை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை, அதே மாதத்தில், அதே ஆய்வு முறையில் செய்தால்தான் எண்களை ஒப்பிட முடியும். வைக்கோல் வெளியே போயிருந்தால் அடுத்த போகத்துக்கான பொட்டாஷ் வரியில் 12-ஐ அடித்துவிட்டு 58 என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். நடவு நேரத்து அவசரத்தில் அது மறந்துபோகும்.